டீச்சரைக் கேளுங்கள்: பூவுக்கும் போதுக்கும் நடுவில் ஓர் எழுத்து

சென்ற மாதம் இந்தப் பகுதியில், செய்யுள் மனனம் செய்யாத பிள்ளைக்குத் தமிழ் பாதிதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதமும் புலனச் செய்தியும் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் நன்றாகவே திட்டியிருக்கிறீர்கள். சரி, மாமியார் சண்டை, மாப்பிள்ளை தேடல், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையனுக்கு என்ன படிப்பு, எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை கவிதைக் கேள்விகள் மட்டும். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வாரம் ஒரு திருக்குறள், ஒரு செய்யுள் என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பொருள் அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் தமிழ் எப்படி வளரும்?
(ஒரு தாய், பாயான் லெப்பாஸ்)

பதில்: நியாயமான கோபம். முதலில் பள்ளிக்கூடத்தின் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 31 வருஷம் நானும் அதைச் செய்தவள். வெண்பலகையில் குறளை எழுதுவது, கீழே பொருளை எழுதுவது, இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்வது. பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்று ஒரு பகுதி உண்டு. அதில் மதிப்பெண் வாங்கிவிட்டால் எனக்கும் நிம்மதி, தலைமையாசிரியருக்கும் நிம்மதி.

ஒரு தைப்பூசம் முடிந்த வாரம். பிள்ளைகள் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்வந்த களைப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அன்றைய பாடம் 788ஆம் குறள்: ‘உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு.’ பின்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். “டீச்சர், உடுக்கை தொலைஞ்சா வேற உடுக்கை வாங்கிக்கலாமே, அதுக்கு ஏன் கை பதறணும்?” வகுப்பே சிரித்தது. அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்த உடுக்கை, காவடிக்கு முன்னால் அடிக்கிற உடுக்கை. வள்ளுவர் சொல்வது உடுத்தியிருக்கிற துணியை. “குளிச்சிட்டு வர்றே, துண்டு அவுருது, என்ன செய்வே?” என்று கேட்டேன். அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. அவ்வளவுதான், குறள் முடிந்தது. உடுத்து, உடுப்பு என்றெல்லாம் இன்னும் பேசுகிறோம். துணிக்கு உடுக்கை என்று எந்தத் துணிக்கடையிலும் சொல்வதில்லை. அந்தச் சொல் அந்த ஒன்றே முக்கால் அடிக்குள் குடியிருப்பதால்தான் பிழைத்திருக்கிறது.

இனிக் கிளிப்பிள்ளை விஷயம். எனக்குக் கிளிப்பிள்ளைகள்மீது தனி மரியாதை உண்டு. என் அப்பாயியே ஒரு கிளிப்பிள்ளை.

மாயவரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். சம்பளப் புத்தகத்தில் பெருவிரல்தான் வைப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் உட்கார்ந்தால் அபிராமி அந்தாதி நூறு பாட்டும் தண்ணீர் மாதிரி வரும். அந்தாதி என்றால் ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கவேண்டும். முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடியும். இரண்டாவது ‘துணையும் தொழும் தெய்வமும்’ என்று தொடங்கும். நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டுத் தாண்டிப்போக முடியாது. சங்கிலி அறுந்துவிடும்.

எட்டோ ஒன்பதோ வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாட்டைச் சொன்னேன். ‘மதிக்கின்ற மாணிக்கம் மாதுளம்பூ மலர்க்கமலை’ என்றேன். அப்பாயி தொடையில் ஒரு தட்டு தட்டினாள். “நொண்டுதுடி. பூ இல்ல, போது.”

“போதுன்னா என்ன அப்பாயி?”

“எனக்கென்ன தெரியும்? போதுன்னா போதுதான். சொல்லு.”

பல வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாப்பு நடத்தினார்கள். அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையில் ஆனது. அந்தப் பாவகையில் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அன்று ராத்திரி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். ‘மதிக்கின்ற மாணிக்கம் மாதுளம்போது மலர்க்கமலை’: ‘மதிக்’ என்று நிரையசையில் தொடங்கும் அடி, சரியாகப் 17. நான் சொன்ன ‘பூ’வைப் போட்டு எண்ணினேன்: 16. கைநாட்டுக் கிழவி, யாப்பு என்ற சொல்லையே கேட்டிராதவள், ஓர் எழுத்து குறைந்ததைக் காதால் பிடித்துவிட்டாள்.

போது என்றால் அரும்புக்கும் மலருக்கும் நடுவில் இருக்கிற பருவம். ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்’ என்று 1227ஆம் குறள் மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. பேச்சில் அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. நானும் என்னைப்போல நூறு பிள்ளைகளும் அதைப் ‘பூ’ என்று மாற்றப் பார்த்திருப்போம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கிழவி தொடையில் தட்டியிருப்பாள். பொருள் தெரியாதவர்கள் கையில்தான் பொருள் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அதனால் மகள் ஒப்பிக்கட்டும். நீங்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பொருளை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பொருளுரை மனப்பாடம்தான் உண்மையான கொடுமை. “இதில் எந்தச் சொல் விநோதமாக இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு சொல் போதும்.

கேள்வி: கவிதை எழுதி வயிறு நிறையுமா டீச்சர்? மகன் எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுப்பேன் என்று அடம்பிடிக்கிறான்.
(ஒரு தந்தை, சுங்கைப் பட்டாணி)

பதில்: நிறையாது. அது ஒரு பாடம்தானே ஐயா, எடுக்கட்டும். மற்ற பாடங்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தபோது அதன் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. ‘தமிழ் முரசு’ நாளிதழ் நடத்திய கோ. சாரங்கபாணி ஒரு நிதி திரட்டினார். அதற்கு வைத்த பெயர் ‘தமிழ் எங்கள் உயிர்.’ பாவேந்தரின் ‘தமிழ் எங்கள் உயிருக்கு நேர்’ என்ற அடி காதில் ஒலிக்காமல் அந்தப் பெயரைப் படிக்க முடியுமா? தோட்டத்துக்காரர்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள். பிறகு அதே துறைக்குத் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். ஒரு கவிதை வரி யார் வயிற்றையும் நிரப்பவில்லைதான். வயிறு நிறையாதவர்களின் மடியிலிருந்து வெள்ளியை எடுக்க வைத்திருக்கிறது.

கேள்வி: என் பாட்டி மார்ச் மாதம் தவறிவிட்டார். பேராக்கில் தோட்டத்தில் வாழ்ந்தவர். அவர் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, வேலைக்காட்டுப் பாட்டு எல்லாம் என் கைப்பேசியில் ஒலிப்பதிவாக இருக்கின்றன, 20க்கும் மேல் இருக்கும். எனக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும். இவற்றை வைத்து என்ன செய்வது?
(இளைஞர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: தம்பி, கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் ஒரு கோப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். என் அப்பாயி பாடியதில் ஒன்றுகூட என்னிடம் பதிவாக இல்லை. அப்போது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசைவீடுகளில்) பதிவுக் கருவி வைத்திருந்தது தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டில் மட்டும்தான்.

முதல் வேலை, இன்றைக்கே அந்தப் பதிவுகளை இன்னும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கைப்பேசி பசாரில் விழுந்தால் பாட்டி இரண்டாம் முறை போய்விடுவார்.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு துண்டுக் குறிப்பு. யார் பாடியது, எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். தொட்டில் ஆட்டும்போது பாடியதும் ரப்பர் மர நிரையில் நடக்கும்போது பாடியதும் ஒரே மெட்டில் இருக்கலாம், பாட்டு வேறு. உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ தெரிந்திருக்கும். அவர்களை உட்கார வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். அழுவார்கள். அழுதபிறகு பேசுவார்கள்.

மூன்றாவது, எழுதும்போது திருத்தாதீர்கள். இதை மூன்று தடவை சொல்லியிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ‘தீம்பாரு’ என்று பாடியிருந்தால் தீம்பாரு என்றே எழுதுங்கள். ‘தோட்டப் பகுதி’ என்று நாகரிகப்படுத்த வேண்டாம். விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றது, மரத்தில் மங்கு கட்டியது, கோட்டுப்பால் உருவியது, ஒட்டுப்பால் பொறுக்கியது, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டது. இந்தச் சொற்களில் எத்தனை எந்த அகராதியில் இருக்கும்? மங்கு, அதாவது பால் வடிகிற கிண்ணம், மலாய் மங்கோக்கிலிருந்து வந்தது, காண்டா மலாய் காண்டாரிலிருந்து. நம் பினாங்கு நாசி கண்டாரில் இருக்கிறதே, அதே காண்டார்தான். அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் அந்தக் கம்பில் சுமந்து விற்றார்கள். எங்கள் தோட்டம் இன்றைக்கு வீடமைப்புப் பகுதி. மரம் போனது, மங்கு போனது. மங்கு என்ற சொல்லைப் பாட்டில் வைத்திருந்தவர் உங்கள் பாட்டி.

ஒப்பாரிகளைத் தனியாகக் கவனியுங்கள். 1942, 43இல் ஜப்பான்காரன் நம் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குக் கொண்டுபோனான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட. ஆயிரக்கணக்கில் போனார்கள், பெரும்பாலோர் பெயர் எங்கும் கல்லில் இல்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் நடுவில் தன் அண்ணன் பெயரைச் சொல்லி அழுவார். செத்தவர் யாரோ, இவர் அழுவது சயாமுக்குப் போனவருக்கு. அந்தப் பெயர் இருந்த ஒரே பதிவேடு அவருடைய ஒப்பாரி. உங்கள் பாட்டியின் ஒப்பாரியில் ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ வந்தால் கீழே கோடு போட்டு வையுங்கள்.

அச்சான கவிதைகளுக்கு நம் நாட்டில் ஒரு புண்ணியவான் வாய்த்தார். முரசு நெடுமாறன் 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்று 1997இல் கொண்டுவந்தார். பழைய நாளிதழ், மலர், சிறுநூல் என்று தேடித்தேடிச் சேர்த்த வேலை. அச்சேறியதைத் தேடிப் பிடிக்கவே ஒரு மனிதனின் பாதி ஆயுள் பிடிக்கும் என்றால், அச்சே ஏறாதது என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசிக்கத் தடுமாறினால் கவலையில்லை. கேட்டு எழுத ஆளில்லை என்றால் இந்த இதழ் வழியாக எனக்கு அனுப்புங்கள். எனக்கு ஓய்வூதியமும் உண்டு, நேரமும் உண்டு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் உட்கார்ந்து கொடிமலையைப் பார்ப்பதைத் தவிரப் பெரிய வேலை ஒன்றுமில்லை.

கேள்வி: மாநில அளவிலான ஒரு கவிதைப் போட்டியில் என் கவிதையை நடுவர் தள்ளிவிட்டார். ‘பசியாறினேன்’, ‘மங்கு’, ‘லோரி’ போன்ற சொற்கள் கவிதைக்கு ஆகாது, தூய தமிழில் எழுதினால்தான் மொழி நிலைக்கும் என்றார். அவர் சொன்னது சரியா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் கவிதையை நான் பார்க்கவில்லை, அது வேறு காரணத்துக்காகவும் தோற்றிருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நடுவர் சொன்ன காரணம் சொத்தை.

‘பசியாறினேன்’ தூய தமிழ் இல்லையா? பசியும் தமிழ், ஆறுதலும் தமிழ். காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்று கேட்கிற ஊர் நம்முடையது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் அதைக் கேட்டுவிட்டு, “டிபன் என்கிறதுக்கு இவ்வளவு அழகான வார்த்தை வைத்திருக்கிறீர்களே” என்று வாய் பிளந்தாள். அதைப்போய்த் தள்ளுவதா?

மங்கு, லோரிக்கு அருணகிரிநாதரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். சுவாமிமலைத் திருப்புகழ் ஒன்று ‘சலாமிடு சுவாமிமலை வாழும் பெருமாளே’ என்று முடிகிறது. இந்திரனும் திருமாலும் பிரமனும் முருகனுக்கு வணக்கம் போடவில்லை, சலாம் போடுகிறார்கள். அரபுச் சொல், 15ஆம் நூற்றாண்டில், முருகன் சந்நிதியில். தாளத்துக்கு உட்கார்ந்தது, போட்டார். நேர் எதிர்ப்பக்கத்தில் உமறுப்புலவரைப் பாருங்கள். சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடவந்தவர் அங்கே நம்முடைய வயலையும் வாய்க்காலையும் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தம், அத்தனையும் தமிழ். இப்படி வாங்கியும் கொடுத்தும்தான் மொழி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நடுவருக்கும் ஒரு வார்த்தை. அளவு இருக்கிறது. சொல் பொருளோடு வந்தால் வைத்துக்கொள்ளலாம். மங்கு என்கிற பாத்திரம் மங்கு என்கிற பெயரோடு வந்தது. வீட்டில் அத்தை, மாமி, சித்தி என்று சொல் இருக்கும்போது எல்லாரையும் ‘ஆண்ட்டி’ ஆக்கிக் கவிதை எழுதினால் நானும் தள்ளிவிடுவேன்.

கேள்வி: மலாக்கா செட்டிகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். தமிழ் பேசத் தெரியாது, ஆனால் பொங்கல், பூசை, கோவில் எல்லாம் நூற்றாண்டுகளாக விடாமல் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பண்பாட்டுக்கு மொழி கட்டாயம் இல்லைதானே?
(வாசகர், காஜாங்)

பதில்: கஷ்டமான கேள்வி. எனக்கு இதில் ஒரே பதில் இல்லை.

மலாக்கா சுல்தான் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டுமொழி மலாயாகிவிட்டது. சைவம் போகவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில் அவர்களுடையது. முன்னோர்களுக்குப் படையல் போடுவதைப் ‘பார்ச்சு’ என்கிறார்கள். இதெல்லாம் சாதாரண சாதனை இல்லை. தமிழ் பேசுகிற நம் வீடுகளில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும்?

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காஜா பேராங்கில் அவர்கள் குடியிருப்புக்குப் போயிருந்தேன். பாஜு குரோங் உடுத்திய ஒரு மூதாட்டி, நெற்றியில் திருநீறு. என் மாணவி ஒருத்தி சாமி முன்னால் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்று பாடினாள். மூதாட்டி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மலாயில் சொன்னார்: “என் பாட்டி விளக்கேற்றும்போது இப்படி ஏதோ முணுமுணுப்பார். சத்தம் நினைவிருக்கிறது, சொல் நினைவில்லை.” பிறகு, விருந்தாளிக்குப் பதில் மரியாதை செய்கிற மாதிரி, அவர் ஒரு பந்துன் சொன்னார்.

நான் அங்கேதான் யோசித்தேன். தமிழ்ப்பாட்டு போன இடம் வெறுமையாக இல்லை. பந்துன் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாலு அடி. முதல் இரண்டில் ஆறு, மரம், பறவை என்று ஏதோ ஒரு காட்சி. பின் இரண்டில் சொல்லவந்த சேதி. ஒன்றுவிட்டு ஒன்றுக்கு இயைபு. அதை மெட்டோடு மாற்றி மாற்றிப் பாடுவது டொண்டாங் சாயாங். 2018இல் யுனெஸ்கோ டொண்டாங் சாயாங்கைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மலாய்க்காரர், சீனர் வழிவந்த பாபா நோன்யா, போர்த்துக்கீசியர் வழியினர், செட்டிகள் நால்வருக்கும் உரியது என்றுதான் சேர்த்தது. பந்துன் 2020இல் சேர்ந்தது. ஆக, செட்டிகளும் ஒரு மரபைக் கவிதையால்தான் காக்கிறார்கள். அந்தக் கவிதை தமிழில் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொழி இல்லாமல் சடங்கு நிற்கும், அவர்களே சாட்சி. ஆனால் அந்தப் பாட்டியின் முணுமுணுப்பில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. தேவாரமா, தாலாட்டா, கடன்காரனைத் திட்டியதா? சடங்கு கையில் தங்கும். நகைச்சுவை, வசவு, கொஞ்சல், கோபம் எல்லாம் நாக்கில்தான் தங்கும். எனக்கு இரண்டும் வேண்டும் என்று ஆசை. செட்டி மக்களைக் குறை சொல்ல மட்டும் வாய் வராது.

கேள்வி: தமிழ் நிகழ்ச்சிகளில் ‘காப்பியனை ஈன்றவளே’ என்று பாடுகிறோமே, யார் எழுதியது?
(மாணவர், கிள்ளான்)

பதில்: ‘நிலைபெற நீ வாழியவே’ என்பது அந்தப் பாட்டு. எழுதியவர் இறையருட் கவிஞர் சீனி நைனா முகம்மது. எங்கள் பினாங்கில் இருந்து ‘உங்கள் குரல்’ இதழை நடத்தியவர்; யாப்பில் புலி, இலக்கணத்தில் அதைவிடப் பெரிய புலி. 2014இல் மறைந்தார். காப்பியன் என்பது தொல்காப்பியனை. மேடையில் ‘காப்பியனை’ என்பதற்குப் பதில் ‘காப்பியத்தை’ என்று பாடுகிறவர்களைக் கண்டால் முறைத்துப் பார்க்க உங்களுக்கு என் அனுமதி உண்டு.

கேள்வி: மரபுக்கவிதை மனத்தில் நிற்கிறது, புதுக்கவிதை நிற்பதில்லை. அப்படியானால் மொழியைக் காப்பது மரபுதானே? புதுக்கவிதைக்காரர்கள் என்ன செய்துவிட்டார்கள்?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஈப்போ)

பதில்: முப்பது வருஷம் முன்னால் கேட்டிருந்தால், “அப்படிக் கேளுங்கள் ஐயா” என்று உங்கள் கையைப் பிடித்திருப்பேன். சி. கமலநாதனின் ‘கள்ளபார்ட்’ 1964இல் வந்து நம் நாட்டில் புதுக்கவிதைக்குக் கதவு திறந்தது; நான் அந்தக் கதவுக்குள் போனது என்னவோ ரொம்பத் தாமதமாகத்தான். என் மாமியார் ஞாயிறு மலர்களில் வரும் கவிதைகளை வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டுவார். தமிழ் நேசனிலிருந்து வெட்டியவைதான் அதிகம். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றபோது நோட்டை எடுத்துப் புரட்டினேன். விருத்தங்களை ஒட்டிய பக்கமெல்லாம் விரல்பட்டு அழுக்கேறியிருந்தது, புதுக்கவிதைப் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. உங்கள் கட்சிக்கு இது நல்ல சாட்சி.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன், தோட்டத்தை விற்றுக் குடும்பங்களைக் கிளப்பிய வருஷத்தில் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது:

தோட்டம் வித்தாச்சு.
லயத்துக்கு லயம்
நோட்டீஸ் ஒட்டியாச்சு.
மாரியம்மனுக்கு மட்டும்
இன்னும் யாரும்
சொல்லல.

எதுகை கிடையாது, அசை பிரிக்க ஒன்றுமில்லை. படித்த நாளிலிருந்து மறக்கவில்லை. ‘வித்தாச்சு’ என்று எந்த விருத்தக்காரர் எழுதியிருப்பார்? எழுதியிருந்தால் நானே சிவப்பு மையால் சுழித்திருப்பேன். பழைய சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்ள யாப்பு வேண்டும். இன்றைக்கு வாயில் இருப்பதை உள்ளே கூட்டிக்கொண்டு வர இந்தப் பையன்களும் வேண்டும். அவன் இப்போது ஜொகூரில் லோரி ஓட்டுகிறான். இன்னும் எழுதுகிறானா என்று கேட்டேன். “டீச்சர், டோல்ல நிக்கும்போது மட்டும்” என்றான்.

கேள்வி: டீசர் அவர்களுக்கு வணக்கம். போன மாதம் நீங்கள் ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’ ஆத்திசூடி என்று எழுதினீர்கள். அது ஆத்திசூடி இல்லை. நாங்கள் வீட்டில் கைதட்டிச் சொல்லுவோம். ஆத்திசூடி எல்லாம் குட்டி குட்டியாக இருக்கும். இது நீட்டமாக இருக்கிறது, கைதட்டு மிச்சம் வருகிறது.
(ஐந்தாம் ஆண்டு மாணவி, நிபோங் தெபால்)

பதில்: நீ சொன்னதே சரி அம்மா. அது கொன்றை வேந்தன், அதன் முதல் வரி. ஆத்திசூடியின் முதல் வரி ‘அறம் செய விரும்பு.’ இரண்டும் ஔவையார் பெயரில் வருபவை, இரண்டும் அகர வரிசையில் போகிறவை. அதனால் டீச்சர் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன். கொன்றை வேந்தனில் ஒவ்வொரு வரிக்கும் நாலு சீர். நாலு தட்டு. ஆத்திசூடிக்கு அவ்வளவு வராது. புத்தகத்தைப் பார்க்காமல் கைத்தட்டை வைத்தே கண்டுபிடித்தாயே, அதற்காக இதழாசிரியரிடம் சொல்லி உனக்கு ஒரு புத்தகம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தில் ‘டீச்சர்’ என்பதில் ஒரு ‘ச்’ காணோம். நீ என் தப்பை வீட்டில் யாரிடமும் சொல்லாதே, நானும் இதை உன் டீச்சரிடம் சொல்லவில்லை.